பரணுக்கு ஒன்று, குடோனுக்கு நூறு

அன்று நான் செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன். எழுத்தில் ஒத்துக்கொள்வது இதுதான் முதல் தடவை. வாயால் ஒத்துக்கொண்டது கிடையாது, இனியும் மாட்டேன். அந்தத் தப்பிலும் பாதிக்கு மேல் லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் மென்பொருளை எழுதியவர்களுடையது என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆறுமுகநேரியில் பிறந்து வளர்ந்த யாரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் எனக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொல்வார்கள். (என் அக்கா நீங்கலாக. அப்பா நீங்கலாக. அத்தானும் நீங்கலாகத்தான். அதனால் என்ன, ஊரில் வேறு ஆளே இல்லையா?)

அக்கா ராஜி என்னைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணத்துக்கு முன்னால் கணக்கு டீச்சராக இருந்தாள். கல்யாணமாகித் தூத்துக்குடி மில்லர்புரத்துக்கு வந்தாள், மகள் பிறந்தாள், வேலையை விட்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி வேலை தேடினாள். ஐந்து பள்ளிகளில் ஏறி இறங்கினாள். ஐந்திலும் ஒரே கேள்வி: "நடுவுல ஆறு வருசம் என்ன பண்ணீங்க?" இவள் "பிள்ளை வளத்தேன்" என்பாள். அவர்கள் "சரி, சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அக்கா அழுகிற ரகம் இல்லை. மனசு சரியில்லையென்றால் பாத்திரம் விளக்குவாள். அந்த மாதங்களில் அவள் வீட்டுக் குக்கரில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் என்ற நிலைமை.

ஆறாவதாக ஒரு பள்ளி கூப்பிட்டது. பள்ளிக்கூடம் தூத்துக்குடியில், நிர்வாகம் கோயம்புத்தூரில். அதனால் நேர்காணல் வீடியோவில். வெறும் கேள்வி பதில் மட்டுமில்லை, இருபது நிமிடம் மாதிரி வகுப்பும் எடுத்துக் காட்ட வேண்டும். அந்தப் பக்கம் மூன்று பெரியவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பார்கள். பாடம்: எண்களில் பெரியது எது, சிறியது எது. அக்கா ஆறுமுகநேரி உப்பளத்துக்கே போய், சின்ன குவியல், பெரிய குவியல் என்று உப்பைப் படம் பிடித்து, இருபத்திரண்டு ஸ்லைடு தயார் செய்தாள். ஒவ்வொரு படமும் அநியாயத்துக்குப் பெரிய ஃபைல்.

"இதுவும் போச்சுன்னா இனி நான் எங்கயும் போய்க் கேக்க மாட்டேம்ளா" என்றாள். சொல்லிவிட்டு ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த குக்கரை எடுத்து மறுபடி தேய்க்க உட்கார்ந்தாள். அந்த ஒரு மணி நேரம் வீட்டிலிருந்த லேப்டாப் ஒழுங்காக ஓட வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அந்த லேப்டாப் நான் காலேஜில் வைத்திருந்து அக்காவுக்குக் கொடுத்தது. ரேம் இரண்டு ஜிபி. (சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் அது கௌரவமான அளவு.) கூடுதலாக ஒன்று போடலாம் என்று கடையில் கொடுத்தால், காலியாக இருந்த ஸ்லாட்டில் பச்சை பூத்துக் கிடந்தது. "உப்புக் காத்து அரிச்சிட்டு தங்கச்சி. நம்ம ஊர்ல இது சகஜம். பேசாம இதைத் தூக்கிப் போட்டுட்டு..." என்று கடைக்கார அண்ணாச்சி ஆரம்பித்தார். மீதியைக் கேட்க நான் அங்கே நிற்கவில்லை.

அத்தான் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். நல்ல மனுசன். "ஆபீஸ்ல கேட்டா ஒரு நாளைக்கு லேப்டாப் தருவாங்க. வாங்கிட்டு வரட்டா?" என்றார்.

"வேண்டாம் அத்தான். வீட்ல நான் இருக்கையில எதுக்கு இரவல்?" என்றேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கம்ப்யூட்டர் படிப்பு முடித்துவிட்டு அக்கா வீட்டில்தான் இருந்தேன். சொந்தக்காரர்கள் ஏழு பேர் வீட்டில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். (ஐந்து பேர் நான் வாசல் தாண்டியதும் எடுத்துவிட்டார்கள் என்பது பிற்பாடுதான் தெரியும்.) எனக்கு இசட்ரேம் என்று ஒரு வித்தை தெரிந்திருந்தது. தெரிந்த வித்தையைக் காட்டாமல் இருக்க எனக்கு வராது.

அது என்ன வித்தை என்று அப்பாவுக்கு விளங்கவைத்த மாதிரியே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ஆறுமுகநேரி பஜாரில் பலசரக்குக் கடை. கடை மேஜைதான் ரேம். வேண்டிய சாமான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். மேஜை நிறைந்துவிட்டால் சரக்கைத் தெருக்கோடியில் இருக்கிற குடோனில் போட்டு வைத்து, கேட்கும்போது போய் எடுத்து வர வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தக் குடோன் ஹார்டு டிஸ்க். இப்படிக் கொண்டுபோய்ப் போட்டு எடுத்து வருவதற்குப் பெயர் ஸ்வாப். என் லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கோ படுகிழம். ஒரு சாமான் கேட்டால் 'கர்ர்ர்' என்று ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு, யோசித்து யோசித்துத்தான் எடுத்துக் கொடுக்கும்.

இசட்ரேம் என்பது கடைக்குள்ளேயே கட்டுகிற பரண். மேஜையில் கொஞ்சம் இடத்தை விட்டுக்கொடுத்து, சரக்கை அமுக்கிச் சுருட்டிக் கட்டித் தலைக்கு மேலே வைத்துக்கொள்வது. குடோனுக்கு நடக்கிற வேலை கிடையாது, கையை நீட்டினால் போதும்.

"அப்போ அமுக்குனா பப்படம் நொறுங்காதா?" என்று கேட்டார் அப்பா.

"நொறுங்காதுப்பா. பிரிச்சா அப்படியே இருக்கும்."

"அதெல்லாம் வெவரம் தெரிஞ்சவன்ட்டக் குடுளா" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்னால் சோதனை ஓட்டம். குடோனை இழுத்துச் சாத்தினேன். கட்டளை அடித்துப் பரணை மட்டும் கட்டினேன். வீடியோ கால் ஒரு பக்கம், இருபத்திரண்டு ஸ்லைடும் ஒரு பக்கம், போதாததற்கு மீன் குழம்பு வைக்கிற வீடியோ ஒன்றும் ஓடவிட்டேன். லேப்டாப் பறந்தது. "ஏளா, நெசமாவே ஓடுதுளா!" என்று அக்கா கைகொட்டிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பில்தான் நான் தலைகால் புரியாமல் போனேன்.

ஆனால் கட்டளை அடித்துக் கட்டிய பரண் லேப்டாப்பை அணைத்தால் காணாமல் போய்விடும். நிரந்தரமாக இருக்க வேண்டுமானால் ஒரு ஃபைலில் எழுதி வைக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது எனக்கு ஒரு முன்யோசனை. (என் வாழ்க்கையில் எல்லாக் கேடும் முன்யோசனையில்தான் வந்திருக்கிறது.) ஒருவேளை பரணும் நிறைந்துவிட்டால்? ஆத்திர அவசரத்துக்குக் குடோனும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதையும் திறந்துவிட்டேன். இரண்டும் இருந்தால் எதில் முதலில் சரக்கைப் போடுவது என்று சொல்ல ஆளுக்கொரு எண் எழுத வேண்டும். பிரையாரிட்டி.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்க் கோயில் கொடையை, அதாவது அம்மன் திருவிழாவை, பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வருசா வருசம் அம்மனுக்குக் கொடை முடிந்ததும் மாலையும் பிரசாதமும் குடும்ப வரிசைப்படி கொடுப்பார்கள். ஒன்றாவது, அப்பாவுக்கு எதிர்க்கடை அண்ணாச்சி குடும்பம். நாங்கள் இரண்டாவது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கொடைக்கு முந்தின ஊர்க் கூட்டத்தில் அப்பா எழுந்து நின்று, "ஒண்ணு எங்களுக்கு வரணும்" என்று பேசிக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டில் அந்தப் பேச்சு, கடையில் அந்தப் பேச்சு, கல்யாண வீட்டுப் பந்தியிலும் அந்தப் பேச்சு. ஒன்று என்றால் மரியாதை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு நூறு வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒரு மனுசன் எழுந்து கேட்டது கிடையாது. நூறாவது ஆளுக்குப் பொங்கல் பானையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

ஆகவே, பரணுக்கு ஒன்று என்று எழுதினேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பீர்கள், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

குடோனுக்கு இரண்டு என்று எழுதியிருக்கலாம். ஆனால் அந்த ஹார்டு டிஸ்க் மேல் எனக்கு நாலு வருசக் கோபம். காலேஜில் ப்ராஜெக்ட் காட்டுகிற நாளில் கனைத்துக்கொண்டே என்னை நடுச்சபையில் நிறுத்திய பாவி அது. "நீ போய்க் கடைசியில நில்லுலே" என்று சத்தமாகவே சொல்லி, நூறு என்று எழுதினேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் இரண்டும் வந்தன. பரண் ஒன்று, குடோன் நூறு. எவ்வளவு அழகு! மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. அதுதான் முதலிலேயே ஓட்டிப் பார்த்தாயிற்றே.

"அக்கா, இனி இது நிரந்தரம். அணைச்சாலும் போட்டாலும் அழியாது" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. அழியத்தான் இல்லை.

நேர்காணல் காலை பதினோரு மணிக்கு. அத்தான் டூட்டிக்குப் போய்விட்டார், அவர்கள் மகள் பள்ளிக்கூடத்தில். அப்பா ஆறுமுகநேரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார், கையில் வழக்கம்போல ஒரு பை கல்லுப்போடு. மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதாம். உப்பு விளைகிற தூத்துக்குடிக்கே உப்புச் சுமந்து வருகிற ஒரே மனுசன் உலகத்திலேயே எங்கள் அப்பாதான். காமிராவில் படாத மூலையில் நாற்காலி போட்டு, நேர்காணல் தனக்கே என்பதுபோல் விறைப்பாக உட்கார்ந்துகொண்டார். நான் கதவோரம் நின்றேன்.

அக்கா அரக்குப் புடவையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் இரண்டு ஆண்கள், நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். அவர்தான் தலைவி. முதல் பத்து நிமிடம் கேள்விகள். ஆறு வருசம் என்ன செய்தீர்கள் என்று இவர்களும் கேட்டார்கள். அக்கா தடுமாறாமல் சொன்னாள். அப்புறம், "கிளாஸ் ஆரம்பிங்க மிஸ்" என்று தலைவி குழந்தைக் குரலில் சொன்னார். ஸ்லைடு ஒன்று வந்தது. இரண்டு வந்தது. மூன்றாவது உப்புக் குவியல் பாதி வந்து நின்றது.

'கர்ர்ர்.'

அந்தக் கனைப்பு எனக்குத் தெரியும். திரையில் அக்காவின் படம் வாய் பிளந்து, ஒரு கண் மூடி, தும்மப் போகிற கோலத்தில் உறைந்து நின்றது. "ஹலோ, மிஸ்? கேக்குதுங்களா?" என்று பாதிக் குரல் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

"ஏளா" என்றாள் அக்கா, உதட்டை அசைக்காமல்.

காமிராவில் தெரியக் கூடாது என்று தரையில் தவழ்ந்து போனேன். மேஜைக்குக் கீழே உட்கார்ந்து, கையை மட்டும் மேலே நீட்டி, குடோனை மூடு என்று கட்டளை அடித்தேன். ஒரு எழுத்து அடித்தால் அது திரைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம். எழுத்துகளும் குடோனிலிருந்துதான் வருகின்றன போலிருக்கிறது. பரண்தான் முதல், பரண்தான் முதல் என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் சத்தமோ டிஸ்கிலிருந்து வருகிறது. என்னை மறந்தேன். முழங்காலில் எழுந்து நின்று, திரைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு கத்தினேன்.

"ஏலே சனியனே! ஒன்னக் கடைசியிலதானலே நிக்கச் சொன்னேன்? ஒனக்கு நூறுலா போட்டேன்! மரியாதை கெட்ட பயலே, முந்திக்கிட்டு முந்திக்கிட்டு வாரியே, வெக்கமா இல்ல?"

சரியாக அந்த நொடியில் லேப்டாப்புக்கு உயிர் வந்தது. திரையில் மூன்று பேர், ஆறு கண்கள். அவர்கள் திரையில் என் முகம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. வலதுபக்க ஆள் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

"யாருங்க அது?" என்றார் தலைவி, சொந்தக் குரலில்.

"என் தங்கச்சி, மேடம்" என்றாள் அக்கா. "டெக்னிக்கல் சப்போர்ட்."

'கர்ர்ர்.' மறுபடி எல்லாம் நின்றது.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்தாள். அடுக்களையிலிருந்து குக்கரைக் கொண்டுவந்து தரையில் வைத்து, அதன் மேல் போனைச் சாய்த்து, போனிலிருந்தே மறுபடி உள்ளே போனாள். "மன்னிக்கணும் மேடம், வகுப்பைத் தொடரலாமா?" என்றாள். ஸ்லைடு எல்லாம் செத்த லேப்டாப்பில். அவள் கையில் ஒன்றும் இல்லை. இரவல் லேப்டாப்பை வேண்டாம் என்று சொன்னது நான், இவள் இல்லை.

"அப்பா, அந்த உப்பைக் கொண்டாங்க" என்றாள் அக்கா.

அப்பா பையோடு காமிராவுக்குள் நடந்து வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. கும்பிடு வேறு போட்டார். அக்கா சம்மணமிட்டு உட்கார்ந்து, தரையில் ஒரே ஒரு உப்புக் கல்லை வைத்தாள். பக்கத்தில் பை உப்பையும் கொட்டினாள்.

"பிள்ளைங்களா, இது ஒண்ணு. இங்கன இருக்கிறதுல நூறுக்கு மேலயே இருக்கு. எது பெருசு?"

"நூறு!" என்றார்கள் இரண்டு ஆண்களும். தலைவி மட்டும் கையைத் தூக்கினார், குழந்தைக் குரலில்.

"மிஸ், எங்க கிளாஸ்ல ஒண்ணாவது ரேங்க் எடுக்கிறவதான் பெரிய ஆளு. நூறாவது ரேங்க் எடுத்தா எங்கம்மா அடிப்பாங்க. அப்போ ஒண்ணுதானுங்களே பெருசு?"

அதானே! என்று எனக்குத் தோன்றியது. "அதானே!" என்று அப்பா வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அக்கா அந்த ஒற்றை உப்புக் கல்லை எடுத்து உயர்த்திக் காட்டினாள். அப்புறம் சொன்னாள்: "நல்ல கேள்வி. வரிசையில நிக்கையில ஒண்ணுன்னா அது இடம். எண்ணிப் பாக்கையில ஒண்ணுன்னா அது அளவு. பரிசு குடுக்க ஒண்ணாவது ஆளைக் கூப்பிடுவாங்க. பரிசா உப்பு குடுத்தா நீ எந்தக் குவியலைக் கேப்ப?"

"பெரிய குவியலை!"

"அப்போ ஒரு எண்ணைப் பாத்தா அது இடமா, அளவான்னு முதல்ல கேட்டுக்கிடணும். கேக்காம நாமளா முடிவு பண்ணிரக் கூடாது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த ஃபைலில் நான் என்ன எழுதினேன் என்று தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சும்மா கோபத்தில் பார்த்தாள். ஆனால் எனக்குப் பொறி தட்டியது. ஒன்று, நூறு. இடம், அளவு.

"அய்யய்யோ! அது வரிசை இல்லக்கா! அளவு! பெரிய நம்பருக்குத்தான் முதல்!" என்று கதவோரத்திலிருந்து கத்திவிட்டேன். போன், குக்கர், உப்பு எல்லாவற்றையும் தாண்டி அது கோயம்புத்தூர் வரைக்கும் கேட்டது.

தலைவி கண்ணாடியைச் சரிசெய்தார். "பின்பெஞ்சுல ஒரு பாப்பாவுக்குப் புரிஞ்சிருச்சுங்க போல" என்றார்.

நேர்காணல் முடிந்ததும் இரண்டு எண்களையும் இடம் மாற்றினேன். லேப்டாப் பறந்தது. இருபத்திரண்டு ஸ்லைடும் கண்மூடித் திறப்பதற்குள் வந்தன, பார்க்கத்தான் ஆள் இல்லை. கோபத்தில் குடோனுக்கு நூறு போடாமல், எண்ணே எழுதாமல் விட்டிருந்தால்கூடப் பரணே ஜெயித்திருக்கும் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. அந்த ஃபைலில் எண்களுக்கு மேலே ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்தேன்: "பெரிய எண்தான் முதலில் வருமாம். எனக்குச் சம்மதம் இல்லை." இன்றைக்கும் அது அங்கே இருக்கிறது.

ஒரு வாரம் அக்கா என்னோடு பேசவில்லை. எட்டாவது நாள் போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. "கம்ப்யூட்டர் நின்னுருச்சு, கிளாஸ் நிக்கலைங்க" என்றாராம் தலைவி. அக்கா குக்கரைக் கீழே போட்டுவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைக்கும் வரை பொறுத்திருந்து, "நான் மட்டும் ஒழுங்கா எழுதியிருந்தா ஒனக்கு இந்த வேலை கெடச்சிருக்குமாக்கா?" என்று கேட்டேன். நியாயமான கேள்வி. அதற்கு அவள் செருப்பைத் தேடியது நியாயமே இல்லை.

அவள் ஒவ்வொரு வருசமும் மூன்றாம் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்துகிறாள், என்னை உதாரணமாக வைத்து. மில்லர்புரத்தில் நான் பால் வாங்கப் போனால் யூனிஃபார்ம் போட்ட சின்னதுகள், "மிஸ்ஸோட தங்கச்சி! நூறு அக்கா!" என்று கைகாட்டுகின்றன.

அந்த வருசக் கொடைக்கு முந்தின கூட்டத்தில் அப்பா எழுந்தார். வழக்கமான பேச்சு என்று எல்லாரும் வெற்றிலையை மடித்தார்கள். அப்பா, "எனக்கு ஒண்ணு வேண்டாம். அதை எதிர்க்கடை அண்ணாச்சியே வச்சிக்கிடட்டும். கம்ப்யூட்டர்ல பெரிய நம்பருக்குத்தான் முதல் மரியாதையாம், என் மக்கமாரு படிச்சுச் சொல்லுதாளுவ. எங்களுக்கு ரெண்டே போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எதிர்க்கடை அண்ணாச்சிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த வருசம் அவர் எழுந்து, "அதென்ன அவுகளுக்கு மட்டும் ரெண்டு? எனக்கு மூணு குடுங்க" என்றார். மூன்றாவது வீட்டுக்காரர் விடுவாரா?

இப்போது எங்கள் ஊரில் சண்டை கடைசி இடத்துக்கு. போன கொடையில் ஒன்றாவதாகப் போக ஒரு குடும்பமும் அசையவில்லை. பூசாரி மாலையைப் பிடித்தபடி, "யாராச்சும் வாங்கய்யா, கை வலிக்கி" என்று நிற்கிறார்.

"ஏளா, நீ போ" என்று அக்கா என்னைக் கூட்டத்துக்கு நடுவே பிடித்துத் தள்ளினாள். "ஒனக்குத்தான் ஒண்ணு பிடிக்குமே!"

ஊரே சிரித்தது. அப்பாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரிக்கட்டுமே. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, நேராக நடந்து போய் மாலையை வாங்கிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் ஒன்றாவதாக மாலை வாங்கிய ஒரே ஆள் நான்தான்.